வெள்ளைக் காரில் ஏறாத வில்லன்

டென்சில் பாஸ்கோவைச் செத்துப் பிழைத்தவர் என்று சொன்னால் போதாது. அவர் செத்தே பிழைத்தவர். லண்டனுக்கு வடக்கே, பஸ் கடைசியாக நின்று பெருமூச்சு விடுகிற ஊரில் ஒரு ஸ்டூடியோ இருந்தது. டெலிவிஷன் தொடர் எடுக்கிற இடம். அங்கே வில்லன் வேண்டுமென்றால் டென்சிலுக்குத்தான் ஆள் போகும். அவர் வந்து ஒரு புருவத்தை மட்டும் உயர்த்துவார், மோதிரத்தைத் திருகுவார், உலகத்தை அழிக்கப் போவதாக அடக்கமாகச் சொல்லுவார். கடைசி ஐந்து நிமிஷத்தில் செத்துப்போவார்.

சாவதில் அவருக்கு ஒரு கைநேர்த்தி உண்டு. சுட்டால் ஒரு மாதிரி விழுவார், விஷம் வைத்தால் வேறு மாதிரி. லிஃப்ட் குழியில் விழும்போது அவர் போடுகிற கூச்சல் அவ்வளவு நீளம். அது முடிவதற்குள் விளக்குக்காரர்கள் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வந்துவிடுவார்கள்.

இரண்டாம் படப்பிடிப்புத் தளத்தில் உளவுத் தொடர், மூன்றாம் தளத்தில் விண்வெளித் தொடர். ஒரு செவ்வாய்க்கிழமை காலை டென்சில் இரண்டாம் தளத்தில் பாரிஸ் உளவாளியாகச் சுடப்பட்டார். எழுந்து, மட்டன் அடைத்த 'பை' பலகாரம் சாப்பிட்டுவிட்டு, மூன்றாம் தளத்துக்குப் போய் 'சனிக்கோள் ரோந்து' தொடரில் ஒரு பூதத்துக்கு இரையானார். பூதம் என்பது பழைய தரைக் கம்பளம் இரண்டைச் சேர்த்துத் தைத்து உள்ளே ஆள் புகுந்தது. கம்பளத்துத் தூசி உள்ளே இருந்தவனின் மூக்கில் ஏற, அவன் தும்மிய தும்மலில் டென்சில் மறுபடி வெளியே வந்து விழுந்தார். திரும்பவும் விழுங்க வைத்தார்கள்.

வீட்டில் மேவிஸுக்குத்தான் கஷ்டம். கசாப்புக் கடையில் வரிசையில் நிற்கும்போது, "நேத்து உங்க வீட்டுக்காரர் ரொம்ப அழகாப் போனார் மேவிஸ், கஷ்டப்படாமப் போனார்" என்று யாராவது கையைப் பிடித்துச் சொல்லுவார்கள். மேவிஸும், "ஆமா, கொடுத்து வெச்சவர்" என்று சொல்லிவிட்டு அவருக்கு ராத்திரிக்கு ஈரல் வாங்கிக்கொண்டு வருவாள்.

இத்தனை சாவையும் டென்சில் மனம் கோணாமல் செத்தவர்தான். ஒன்றே ஒன்றுதான் அவருக்கு வேப்பங்காய். அது வெள்ளைக் கார்.

அந்தக் கார் உண்மையில் ஒரே ஒரு தடவை விழுந்த கார். என்றோ, எந்தப் படத்துக்கோ, தென்கரையில் ஒரு மலைமுகட்டிலிருந்து கடலை நோக்கி அதை உருட்டிவிட்டார்கள். கார் அந்தரத்தில் ஒரு குட்டிக்கரணம் போட்டு, தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே நாகரிகமாகத் தீப்பற்றிக்கொண்டது. படத்தின் இடது மூலையில் ஒரு கடற்புறா திடுக்கிட்டுப் பறந்தது. இப்படி ஒரு வீழ்ச்சியை இனி காசு கொட்டினாலும் எடுக்க முடியாது என்று அந்தப் பிலிம் துண்டை ஸ்டூடியோ பத்திரமாக வைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு எந்தத் தொடரில் கதை முடியாமல் இழுத்தாலும் வில்லனை அதே மாதிரி இன்னொரு வெள்ளைக் காரில் ஏற்றுவார்கள். கதவு சாத்துகிற சத்தம் கேட்கும். அடுத்தது மலைமுகடு, குட்டிக்கரணம், தீ, கடற்புறா. போர்ச்சுகல் கள்ளக்கடத்தல்காரனும், ஹங்கேரி விஞ்ஞானியும், சொத்துக்காக அண்ணனைக் கொன்ற ஸ்காட்லாந்துப் பிரபுவும் ஒரே முகட்டிலிருந்து ஒரே மாதிரி விழுந்தார்கள். இங்கிலாந்திலேயே அதிகமான தொடர்களில் தோன்றியது அந்தக் கடற்புறாதான் என்று சொல்லிக்கொள்வார்கள்.

இந்த நிலைமையில்தான் டென்சிலுக்கு 'சாம்பல் இலாகா' என்ற உளவுத் தொடரில் டாக்டர் ஸெரின் வேஷம் வந்தது. அந்த வருஷத்துக் கடைசி மூன்று பகுதிக்கு ஒப்பந்தம். முதல் பகுதியில் சாகவில்லை. இரண்டாவதிலும் சாகவில்லை. டென்சிலுக்கே கூச்சமாக இருந்தது. டாக்டர் ஸெரினை ஜனங்களுக்குப் பிடித்துப்போய், தயாரிப்பாளர் மான்ட்டி ஒரு நாள் தாழ்வாரத்தில் நிறுத்தித் தோளில் தட்டினார்.

"அடுத்த வருஷமும் தொடர் உண்டு செல்லம். டாக்டர் அப்போ உயிரோட இருந்தா, வருஷம் பூரா வேலை."

மான்ட்டி எல்லோரையும் செல்லம் என்றுதான் கூப்பிடுவார். பெயர் ஞாபகம் வைத்துக்கொள்கிற தொல்லை இல்லை பாருங்கள்.

வருஷம் பூரா வேலை! அடுத்த வியாழக்கிழமைக்கு மேல் தன் வாழ்க்கையில் என்ன நடக்கும் என்று டென்சிலுக்கு இதுவரை தெரிந்ததே கிடையாது. ஒரே மேலங்கியை மறுநாளும் வந்து மாட்டிக்கொள்கிற சுகத்தை அவர் அனுபவித்ததில்லை. அன்று சாயங்காலம் மேவிஸிடம் சொன்னார். அவள் பின்னிக்கொண்டிருந்த கம்பளிச் சட்டையைக் கீழே வைத்தாள்.

"அப்போ நீ மூணாவது பகுதியில சாகக் கூடாது."

"கூடாது."

"உன்னால முடியுமா?"

"முயற்சி பண்றேன்."

"ஆஸ்பத்திரியில சொல்ற மாதிரி சொல்றியே," என்றாள் மேவிஸ்.

மூன்றாவது பகுதி படப்பிடிப்பு ஆரம்பிக்கிற திங்கட்கிழமை காலை டென்சில் விசில் அடித்துக்கொண்டு வந்தார். கேட் தாண்டியதும் விசில் நின்றுபோனது. முற்றத்தில் வெள்ளைக் கார் நின்றுகொண்டிருந்தது. வண்டிகளைக் கவனித்துக்கொள்ளும் ஆல்ஃப் அதை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். டென்சிலைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"நீங்கதானா மிஸ்டர் பாஸ்கோ? யாரோன்னு நெனச்சேன்."

"எனக்கு ஒண்ணும் சொல்லலையே, ஆல்ஃப்."

"இதெல்லாம் சொல்லிட்டா வரும்?"

செய்தி அதற்குள் கேன்டீனுக்குப் போய்விட்டது. சாகப்போகிறவருக்கு அன்றைக்குப் புட்டிங் இரண்டு கரண்டி வைப்பது அங்கே வழக்கம். பரிமாறுகிற பெண்மணி இரண்டாவது கரண்டியை வைத்து, அதன் மேல் கஸ்டர்டையும் ஊற்றினாள். தலையைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு சூப் குடித்துக்கொண்டிருந்த இரண்டு சனிக்கோள்வாசிகள் எழுந்து நின்று மரியாதை செய்தார்கள். டென்சில் இரண்டு கரண்டியையும் சாப்பிட்டுவிட்டுத்தான் மான்ட்டியின் அறைக்குப் போனார்.

"கதையில ஸெரின் தப்பிச்சுப் போறான்னுதானே எழுதியிருக்கு?"

"தப்பிச்சுத்தான் செல்லம் போறான். கார்ல."

"வெள்ளைக் கார்ல!"

"என்ன பண்றது? கதை ஒரு நிமிஷம் குறையுது. அந்தத் துண்டு சரியா ஒரு நிமிஷம். கடவுள் பாத்து வெச்ச மாதிரி."

"அடுத்த வருஷம் வேலைன்னு சொன்னீங்களே."

"'உயிரோட இருந்தா'ன்னு சொன்னேன்," என்றார் மான்ட்டி, நிஜமான வருத்தத்தோடு. "வேற வண்டி குடுத்தா அந்தத் துண்டோட ஒட்டாது. வெள்ளைக் கார்ல எவன் ஏறினானோ அவன்தான் போகணும். அதான் நியாயம்."

டென்சில் படியிறங்கி வரும்போது அந்தக் கடைசி வாக்கியம் அவர் காதிலேயே சுற்றியது. எவன் ஏறினானோ அவன். மூன்றாம் படியில் நின்றார். வேறு யாராவது ஏறினால்? சாகவே கூடாத ஒருவன் ஏறினால்? அப்போது காரையும் உருட்ட முடியாது. முகடு, தீ, கடற்புறா எல்லாம் பெட்டிக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான்.

அந்தத் தொடரில் சாகவே கூடாதவர் ஒருவர்தான் இருந்தார். மேஜர் கார்வெலாக நடிக்கும் கதாநாயகன் ரூபர்ட் கால்வே. டென்சில் அவருடைய ஒப்பனை அறைக் கதவைத் தட்டினார்.

"யாரு?"

"டென்சில்."

"எந்த டென்சில்?"

"மூணு வாரமா உங்களைக் கொல்லப் பாக்குறேனே, அந்த டென்சில்."

"ஓ, நீங்களா! வாங்க, வாங்க."

ரூபர்ட் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தலையை வாரிக்கொண்டிருந்தார். அந்தத் தலைமுடி ரூபர்ட்டுக்குச் சொந்தமானதுதான், தலைக்குத்தான் சொந்தமில்லை.

"வாசல்ல கார் பாத்தீங்களா?" என்றார் டென்சில், ஒன்றும் தெரியாதவர் போல.

"வெள்ளையா ஒண்ணு நிக்குது. லட்சணமான வண்டி."

"அதை எனக்குக் குடுத்துட்டாங்க. எனக்கே ஒரு மாதிரியா இருக்கு. கழுதை முதுகுல பட்டுத்துணி போட்ட மாதிரி. உங்களுக்கு என்ன குடுத்திருக்காங்க?"

ரூபர்ட் தன் பக்கங்களைப் புரட்டினார். அவர் தன் வசனத்தைத் தவிர வேறு எதையும் படிக்கிற வழக்கம் இல்லை. அதனால் கொஞ்சம் நேரமாயிற்று.

"'மேஜர் பின்னாலேயே ஓடுகிறார்'னு போட்டிருக்கு."

"ஓட்டமா?"

"ஓட்டம்தான்."

"எதிர்க்காத்துல?" என்று டென்சில் அவர் தலையைப் பார்த்தார். அதிக நேரம் பார்க்கவில்லை; பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நாளைக்குக் காத்து பலமா இருக்கும்னு ரேடியோவில சொன்னான்."

ரூபர்ட்டின் கை தானாக மேலே போனது.

"நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க," என்றார் டென்சில். "ஆனா நாட்டுல அத்தனை பொம்பளைங்களும் உங்களைத்தான் பாக்குறாங்க. வில்லன் சொகுசாக் கார்ல போவான், நீங்க மூச்சு வாங்கிட்டுப் பின்னால ஓடி வருவீங்க. என்னமோ, எனக்குப் பாக்கச் சகிக்கல."

அரை மணி நேரத்தில் டைரக்டர் தலையில் கைவைத்துக்கொண்டு தளத்துக்கு வந்தார். காட்சியை மாற்றியாகிவிட்டது. மேஜர் பாய்ந்து வெள்ளைக் காரைக் கைப்பற்றுவார். டாக்டர் ஸெரின் வேறு எதிலாவது தப்பிப்பார்.

"வேற எதுல?" என்று கேட்டார் ஆல்ஃப். "கொட்டகையில மிச்சம் இருக்கறது சவ வண்டி ஒண்ணுதான்."

"அதைக் கொண்டு வாங்க," என்றார் டைரக்டர். அவருக்கு யாரோடும் சண்டை போடத் தெம்பில்லை.

ஆல்ஃப் கறுப்பு வண்டியைத் துடைத்துக்கொண்டே டென்சிலிடம் சொன்னார்: "இதுவரைக்கும் இதுல நீங்க படுத்துக்கிட்டுத்தான் போயிருக்கீங்க. உக்காந்து போறது இதான் முதல் தடவை."

"எப்படி இருக்கும்?"

"முன்னாடி சீட்டுல ஸ்பிரிங் குத்தும். பின்னாடிதான் சொகுசு."

மறுநாள் எடுத்தார்கள். ரூபர்ட் ஓடிவந்து வெள்ளைக் காரில் ஏறி, கேமராவை ஒரு பார்வை பார்த்து, கதவை அறைந்து சாத்தினார். கார் சீறிக்கொண்டு போனது. பிறகு டென்சில் சவ வண்டியின் ஜன்னல் வழியாகப் புன்னகை செய்துகொண்டே, ஒரு கையை மெதுவாக ஆட்டியபடி எதிர்த் திசையில் தப்பித்துப் போனார். உயிரோடு காட்சியை முடித்ததில் அவருக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. வீட்டுக்கு வந்து மேவிஸை இடுப்பைப் பிடித்து அடுக்களையை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"என்ன இது, செத்த பொணத்துக்கு வந்த வாழ்வு!" என்றாள் மேவிஸ். ஆனால் இன்னொரு சுற்றும் சுற்றினாள்.

அந்தப் பகுதி வெள்ளிக்கிழமை சாயங்காலம் டெலிவிஷனில் வந்தது. மேவிஸ் சீஸும் ஊறுகாயும் வைத்து ரொட்டி செய்திருந்தாள். பக்கத்து வீட்டு மிஸஸ் ஸ்டப்ஸ் தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். டென்சிலின் எந்தச் சாவையும் அவள் தவறவிட்டதில்லை. துக்கத்துக்குப் போகிற மாதிரி ஒரு கைக்குட்டையும் கொண்டுவருவாள்.

"இன்னும் சாகலையா மேவிஸ்?" என்று முக்கால் மணி நேரம் ஆனதும் கேட்டாள்.

"இன்னிக்குச் சாக மாட்டார்."

"அடப் பாவமே! உடம்பு சரியில்லையா?"

டென்சில் டீக்கோப்பையை முழங்காலில் வைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். திரையில் ரூபர்ட் ஓடிவந்தார். காரில் ஏறினார். கேமராவை ஒரு பார்வை பார்த்தார். கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

அடுத்தது மலைமுகடு. அந்தரத்தில் குட்டிக்கரணம். நாகரிகமாகத் தீ. இடது மூலையில் கடற்புறா.

அதற்கடுத்தது சவ வண்டியின் ஜன்னலில் டாக்டர் ஸெரினின் புன்னகை. ஒரு கை மெதுவாக ஆடியது. இசை முழங்கியது. பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

ஊறுகாய் ஜாடி மூடியைக் கையில் வைத்திருந்த மேவிஸ் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்தாள்.

"டென்சில்."

"ம்."

"நீ சாகல."

"ஆமா."

"அவன் செத்துட்டான்."

"அப்படித்தான் தெரியுது."

"கதாநாயகன் சாவானா?"

"வழக்கமில்ல," என்றார் டென்சில். அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

மிஸஸ் ஸ்டப்ஸ் கைக்குட்டையை எடுத்து, யாருக்காக அழுவது என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு இரண்டு பேருக்குமாகச் சேர்த்து அழுதாள்.

நடந்தது என்ன என்பது பிறகுதான் தெரிய வந்தது. பிலிமை வெட்டி ஒட்டுகிற அறையில் ஐவர் என்ற பெயரில் ஒரு வேல்ஸ்காரர் இருந்தார். நல்ல வேலைக்காரர். கதையைப் படிக்க மாட்டார். படித்தால் கை தடுமாறும் என்பார். அவருக்கு இடது பக்கம் ஒரு கொக்கியில் அந்த மலைமுகட்டுத் துண்டின் பிரதி எப்போதும் தொங்கும். யார் ஏறினார்கள், நல்லவனா கெட்டவனா என்பதெல்லாம் ஐவரின் கண்ணில் படாது. வெள்ளைக் காரின் கதவைச் சாத்தினால் அவருடைய இடது கை தானாகக் கொக்கிக்குப் போகும். அன்றைக்கும் போயிற்று. ஒட்டி முடித்துவிட்டு, "இந்த வாரம் நீளம் கச்சிதமா வந்திருக்கு" என்று திருப்தியோடு வீட்டுக்குப் போய்விட்டார்.

அனுப்புவதற்கு முன் பெரியவர்கள் உட்கார்ந்து ஒரு தடவை பார்ப்பது முறை. ஆனால் அந்த நேரம் பார்த்து மூன்றாம் தளத்தில் சனிக்கோளின் ஏரி உடைத்துக்கொண்டது. தண்ணீர் தாழ்வாரம் முழுக்க ஓடி, படம் போட்டுப் பார்க்கிற அறைக்குள் புகுந்துவிட்டது. மான்ட்டி கால்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு வாளியும் கையுமாக நின்றார். கம்பளப் பூதம் தண்ணீரைக் குடித்து இரண்டு மடங்கு கனமாகி, அதை வெளியே இழுக்க எட்டுப் பேர் தேவைப்பட்டது. பிலிம் பெட்டி யார் கண்ணிலும் படாமல் கிளம்பிப் போய்விட்டது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் டென்சில் சரியாகச் சாப்பிடவில்லை. காரை ரூபர்ட்டின் தலையில் கட்டியது யார் என்று விசாரித்தால் தன் பெயர்தான் வரும். அடுத்த வருஷ வேலை போகட்டும், இனி ஸ்டூடியோவில் சாகக்கூடக் கூப்பிட மாட்டார்கள்.

"போய் உண்மையைச் சொல்லிடு," என்றாள் மேவிஸ். "கொன்னா கொல்லட்டும். உனக்குப் பழகினதுதானே."

திங்கட்கிழமை காலை டென்சில் போனபோது கேட்டில் கூச்சலாக இருந்தது. உள்ளே விடாமல் காவலாளி ரூபர்ட்டை மறித்துக்கொண்டிருந்தார்.

"நான் யாருன்னு தெரியுமாய்யா உனக்கு?"

"தெரியாம என்ன சார்? மேஜர் கார்வெல். என் வீட்டுக்காரி வெள்ளிக்கிழமையிலிருந்து ஒண்ணும் சாப்பிடல. ஆனா இன்னிக்கு வரவங்க பட்டியல்ல உங்க பேர் இல்லையே. செத்தவங்க பேரைத் திங்கட்கிழமை எடுத்துடுவாங்க. அதான் இங்க முறை."

"நான் சாகலைய்யா!"

"அப்படித்தான் சார் எல்லாரும் சொல்றாங்க."

காவலாளியின் அறைக்கு வெளியே மலர்வளையங்கள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. டென்சில் தலையைக் குனிந்துகொண்டு அவற்றைத் தாண்டி மான்ட்டியின் அறைக்குப் படியேறினார். உள்ளே நான்கு டெலிபோன்களும் ஒன்றாக அடித்துக்கொண்டிருந்தன. மான்ட்டி எதையும் எடுக்காமல், நாற்காலியில் சாய்ந்து, கோயில் திருவிழா மேளம் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

"மான்ட்டி, நான் ஒண்ணு சொல்லணும். அந்தக் காரை ரூபர்ட்டுக்கு—"

"தெரியும் செல்லம். ரூபர்ட்டே சொல்லிட்டான். காத்துன்னு பயமுறுத்தினியாமே." மான்ட்டி முன்னால் குனிந்தார். "இந்த நாலு போனும் வெள்ளிக்கிழமையிலிருந்து நிக்கல. மேஜர் செத்துட்டாரா, இருக்காரான்னு ஊரே கேக்குது. பல்லாயிரம் பேர்! இதுவரைக்கும் எனக்கு யாராவது போன் பண்ணினா, திரையில கோடு கோடாத் தெரியுதுன்னு சொல்லத்தான் பண்ணியிருக்காங்க."

"அப்போ ரூபர்ட்?"

"அவன் போன வாரம் இங்க உக்காந்து, சம்பளத்தை ஏத்தலைன்னா அடுத்த வருஷம் வர மாட்டேன்னான். தனி வண்டி வேணும், அதுல தனிச் சமையல்காரன் வேணும்னான். நான் மூணு நாளாத் தூங்கல. இப்ப நல்லாத் தூங்குறேன்." மான்ட்டி கையை வயிற்றின் மேல் கோத்துக்கொண்டார். "கடலுக்குள்ள கிடக்கறவனுக்குச் சமையல்காரன் எதுக்கு?"

டென்சில் உட்கார்ந்தார், யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"ஆனா என்னைக்காவது வெளிய எடுக்கணும்," என்றார் மான்ட்டி. "எப்படி எடுக்கறது? எழுதறவங்க ராத்திரி பகலா மண்டையை உடைச்சுக்கிட்டாங்க. கார் எரிஞ்சத எல்லாரும் பாத்துட்டாங்க. கடைசியில ஒரே வழிதான் இருக்கு. மேஜரைக் கடல்லேர்ந்து யாரோ தூக்கியிருக்கணும். அந்த நேரத்துல அங்க இருந்தது யாரு? சவ வண்டியில போய்க்கிட்டிருந்த ஆள் ஒருத்தன்தான். மேஜர் உயிரோட இருக்காரா, எங்க இருக்காரு, இதெல்லாம் உலகத்துல டாக்டர் ஸெரின் ஒருத்தனுக்குத்தான் தெரியும்."

"எனக்கா?"

"உனக்குத்தான். அதனால நீ சாக முடியாது. நீ செத்தா அவனும் போயிடுவான், தொடரும் போயிடும். வருஷம் பூரா உன்னைக் கண்ணுக்குள்ள வெச்சுக் காப்பாத்தணும்னு டைரக்டர்கிட்ட சொல்லிட்டேன்."

தாழ்வாரத்தில் ரூபர்ட் காத்துக்கொண்டிருந்தார். காவலாளி எப்படியோ விட்டிருக்கிறார். காற்றில் ஓடாமலே அவர் தலைமுடி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. டென்சிலைப் பார்த்ததும் கோபமாக ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு நிலைமையை யோசித்து மூடிக்கொண்டார். மறுபடி திறந்தபோது குரல் வேறாக இருந்தது.

"டென்சில், நாம நண்பர்கள்தானே?"

"எந்த டென்சில்னு கேட்டீங்களே."

"அதை விடுங்க. கதையில உங்க நிலவறையிலதான் என்னை அடைச்சு வெச்சிருக்கீங்களாம். எப்போ வெளிய விடுவீங்க?"

"இன்னும் யோசிக்கல."

"இருட்டாவா இருக்கும்?"

டென்சில் நல்ல மனிதர். அவர் ரூபர்ட்டின் கையைத் தட்டிக்கொடுத்தார். "ஒரு விளக்கு வெக்கச் சொல்றேன். பக்கவாட்டுல. உங்க முகத்துக்கு அதான் எடுக்கும். காத்தும் வராது."

ரூபர்ட் சமாதானமாகிப் போனார். பிறகு சம்பளப் பேச்சில் அவர் தனி வண்டியை விட்டுக்கொடுத்து, சமையல்காரனையும் விட்டுக்கொடுத்து, விளக்கை மட்டும் உறுதியாகப் பிடித்துக்கொண்டார் என்று சொல்லுவார்கள்.

புதுத் தொடரின் படப்பிடிப்பு வசந்தகாலத்தில் ஆரம்பித்தது. டென்சில் முதல் நாள் ஒரு மேலங்கி மாட்டினார். இரண்டாம் நாளும் அதையே மாட்டினார். பையில் கைவிட்டபோது நேற்றைக்கு அவரே போட்டுவைத்த பெப்பர்மின்ட் இருந்தது. அதை எடுத்து, எத்தனையோ காலம் வெளியூரில் இருந்துவிட்டு வீடு திரும்பியவர் போல, கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டுக்கொண்டார்.

அன்றைய காட்சி சுலபம். சாம்பல் இலாகாவின் ஆள் ஒருவன் டாக்டர் ஸெரினைச் சுடுவான். குண்டு படாது. டாக்டர் சிரித்துவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு போய்விடுவார்.

துப்பாக்கி வெடித்தது. டென்சில் மார்பைப் பிடித்துக்கொண்டு, அரை வட்டம் சுற்றி, திரைச்சீலையைக் கையோடு இழுத்துக்கொண்டு, மிக அழகாக விழுந்தார். ஒரு கால் கடைசியாக லேசாகத் துடித்து அடங்கியது. விளக்குக்காரர்கள் தங்களை மறந்து கை தட்டிவிட்டார்கள்.

"கட்!" என்று கத்தினார் டைரக்டர். "டென்சில்! குண்டு படல!"

டென்சில் தரையிலிருந்தபடியே ஒரு கண்ணைத் திறந்தார்.

"மன்னிக்கணும். கை தவறிச் செத்துட்டேன்."

திரைச்சீலையை மறுபடி மாட்டினார்கள். இரண்டாவது தடவை துப்பாக்கி வெடித்தபோது அவருடைய முழங்கால்கள் மடங்கத்தான் பார்த்தன. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். சிரித்தார். கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.

அத்தனை வருஷத்தில் எந்த செட்டிலும் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அவர் பார்த்ததில்லை. அவரைக் கதவுக்கு இந்தப் பக்கமே முடித்துவிடுவார்கள். இப்போது பார்த்தார். சாயம் பூசாத பலகை. அதைத் தாங்கி நிற்கிற இரண்டு மரக்கட்டைகள். ஒரு மணல் மூட்டை. நடிகர் உட்கார ஒரு மடக்கு நாற்காலி. நாற்காலியில் ஒரு தச்சன் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தான். டென்சிலைப் பார்த்ததும் அவசரமாக எழுந்தான்.

"மன்னிக்கணும் மிஸ்டர் பாஸ்கோ. நீங்க இந்தப் பக்கம் வருவீங்கன்னு யாரும் சொல்லல."

"பரவாயில்லப்பா, படி," என்றார் டென்சில். மணல் மூட்டையின் மேல் உட்கார்ந்து, மேலங்கியைச் சரிசெய்துகொண்டு, அடுத்த காட்சிக்குக் கூப்பிடும்வரை காத்திருந்தார்.